பிரேக்கை விடும் கலை

பந்தய பைக் படம் என்றாலே நம் எல்லோருக்கும் பிடித்தது ஒன்றுதான். வளைவில் தரையோடு தரையாகச் சாய்ந்த வண்டி, தாரை உரசும் முழங்கால், கூடவே முழங்கை. சுவரில் ஒட்டி வைக்கத் தகுந்த படம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் வளைவோட்டத்தை ஊன்றி ரசிக்கத் தொடங்கிவிட்டால் அந்தப் படம் போதாமல் போகிறது. சாய்வு என்பது அதற்கு முன்பே நடந்து முடிந்த பல காரியங்களின் விளைவு. அவற்றில் மிக நுட்பமானது படத்தில் விழுவதில்லை. அது வீரரின் வலது கை விரல்களில் நடக்கிறது. பிரேக் லீவரை அவர் எப்படி விடுகிறார் என்பதில்தான் வித்தையின் உயிர் இருக்கிறது என்பேன்.

பைக் பந்தயத்தின் உச்சப் பிரிவான மோட்டோஜிபியின் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1000 சிசி எஞ்சின். வண்டியின் எடை 157 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது விதி. நீண்ட நேர்பாதைகளில் மணிக்கு 350 கிலோமீட்டரைத் தொடும். அந்த வேகத்தில் வந்து வளைவுக்கு முன் நிமிர்ந்து உட்காரும்போதே காற்று நெஞ்சில் மோதி வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும். பிறகு இரண்டு விரல்கள் லீவரை அழுத்துகின்றன. கார்பன் டிஸ்க்குகள் கவ்வுகின்றன. ஃபோர்க் அமுங்குகிறது, எடையெல்லாம் முன்சக்கரத்துக்கு வந்து, பின்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் மிதக்கிறது. இதுவரை நடந்தது துணிச்சல். கலை இனிமேல்தான்.

சாதாரணமாக நாம் நேராக ஓடும்போதே பிரேக் பிடித்து முடித்து, கையை எடுத்துவிட்டு, அப்புறம் வண்டியைச் சாய்ப்போம். பந்தய வீரர் பிரேக்கைப் பிடித்தபடியே வளைவுக்குள் இறங்குகிறார். சாய்வு கூடக் கூட, விரலின் அழுத்தம் அதே அளவுக்குக் குறைந்துகொண்டே வருகிறது. முழுச் சாய்வை எட்டும் இடத்தில் லீவர் ஏறக்குறைய முழுக்க விடப்பட்டிருக்கும்.

இதற்குக் காரணம் டயர். தரையைத் தொடுவது உள்ளங்கை அளவு ரப்பர்தான். அதன் பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு. வேகத்தைக் குறைப்பதற்கும் வண்டியைத் திருப்புவதற்கும் அந்த ஒரே பிடிப்பைத்தான் பங்கிட வேண்டும். ஒரே கிணற்றுத் தண்ணீரை இரண்டு வயலுக்குப் பாய்ச்சுவதைப் போன்றது இது. இந்த மடையைத் திறக்கும் அளவுக்கு அந்த மடையை அடைத்தாக வேண்டும். விரலைச் சட்டென எடுத்துவிட்டால் அமுங்கியிருந்த ஃபோர்க் எழும்பிவிடும். முன்டயரின் மேலிருந்த பாரம் குறைந்து வண்டி வெளிப்பக்கமாக விலகும். விரல் தாமதித்தால் முன்டயர் பிடிப்பை இழந்து மடங்கிவிடும். பெரும்பாலும் அதிலிருந்து மீட்சி இல்லை. இந்த இரண்டு தவறுகளுக்கும் நடுவில் மெல்லிய ஒரு பாதைதான் இருக்கிறது. ஒரு பந்தயம் முழுக்க ஒவ்வொரு சுற்றிலும், ஒவ்வொரு வளைவிலும், விரல்கள் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

சாய்வின் கணக்கும் ரசிக்கத்தக்கது. வண்டியும் ஆளும் சேர்ந்த எடைமையம் 45 டிகிரி சாயும்போது, புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு விசையை டயர் தாங்க வேண்டும். 60 டிகிரியில் அது 1.73 மடங்கு. அதே வளைவில் இந்த இரண்டு சாய்வுகளுக்கும் இடையே கிடைக்கும் வேகக் கூடுதல் 30 சதவீதத்துக்குச் சற்று அதிகம். இன்றைய மோட்டோஜிபி வண்டிகள் 60 டிகிரியைத் தாண்டிச் சாய்கின்றன. அந்த நிலையில் டயருக்குச் சாய்வே பெரும் செலவு. அதனால்தான் வீரர் தன் உடலை இருக்கையிலிருந்து இறக்கி உள்பக்கமாகத் தொங்கவிடுகிறார். அவர் எவ்வளவு இறங்குகிறாரோ, அதே வேகத்துக்கு வண்டி அவ்வளவு நிமிர்ந்து நிற்கலாம். உடல் முழுதாகச் சாய்வது வண்டியின் சாய்வை மிச்சம் பிடிக்கத்தான்.

இந்தத் தோரணை ஒரே நாளில் வந்ததல்ல. 1970களின் தொடக்கத்தில் பின்லாந்தின் யார்னோ சாரினென் முழங்காலை விரித்து ஓட்டியது பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. பனித்தரைப் பந்தயங்களில் வளர்ந்தவர் அவர். 1972இல் 250 சிசி உலக சாம்பியன், அடுத்த ஆண்டே மொன்சாவில் நடந்த விபத்தில் இறந்தார். 1978இல் 500 சிசி பட்டம் வென்ற முதல் அமெரிக்கர் கென்னி ராபர்ட்ஸ், மண்தரைப் பந்தயத்தில் பழகியதைத் தார்ச்சாலைக்குக் கொண்டுவந்தார். பின்சக்கரத்தைத் த்ராட்டிலால் வழுக்கவிட்டு அதைக் கொண்டே வண்டியைத் திருப்பினார். முழங்காலைத் தரையில் வைத்து ஓட்டும் பாணி அவருக்குப் பின் பொதுவழக்கானது. முழங்கால் அங்கே ஓர் அளவுகோல்; எவ்வளவு சாய்ந்திருக்கிறோம், இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதைத் தரையே சொல்லிவிடும்.

ஒரே வளைவை வெவ்வேறு மேதைகள் எப்படி எடுக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் எனக்கு அலுக்காத இன்பம்.

முதலில் கேசி ஸ்டோனர். ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் தீவுச் சுற்றில் மூன்றாவது வளைவு, 200 கிலோமீட்டரை வெகுவாகத் தாண்டிய வேகத்தில் எடுக்கும் இடது வளைவு. மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடக்கும் அந்த இடத்தில் ஸ்டோனர் பின்டயரை வழுக்கவிட்டபடி, தரையில் கருங்கோடு இழுத்துக்கொண்டு போவார். சிறுவயதில் மண்தரை ஓவல்களில் பழகிய கை அது. 2007 முதல் 2012 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து சொந்த நாட்டுப் பந்தயத்தை வென்றார். அந்த வளைவுக்கு 2012இல் அவர் பெயரையே வைத்தார்கள். டுகாட்டியில் அவர் வென்றவை 23 பந்தயங்கள்; அவருக்குப் பின் அதே அணிக்கு வந்த உலக சாம்பியன் வாலன்டினோ ரோஸ்ஸியால் இரண்டு சீசன்களில் ஒன்றுகூட வெல்ல முடியவில்லை. முன்சக்கரம் சொல்பேச்சு கேட்காத வண்டியை ஸ்டோனர் பின்சக்கரத்தால் திருப்பினார்.

இதற்கு நேர் எதிர் ஹோர்கே லொரென்ஸோ. வழுக்கலும் இல்லை, குலுக்கலும் இல்லை. 2006, 2007 ஆண்டுகளில் 250 சிசி பட்டம் வென்றவர்; சக்தி குறைந்த அந்த வண்டிகளில் வளைவில் இழந்த வேகத்தை நேர்பாதையில் மீட்க முடியாது. ஆகவே வளைவு முழுக்க வேகத்தைக் காப்பாற்றுவதே அவர் பயிற்சி. பிரேக்கை விடுவதும் த்ராட்டிலைத் திறப்பதும் அவரிடம் ஒரே அசைவாகத் தெரியும். எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று பிரிக்க முடியாது. இத்தாலியின் முஜெல்லோவில், மலைச்சரிவில் ஏறி இறங்கும் நீண்ட வளைவுகளில், மோட்டோஜிபி பிரிவில் மட்டும் அவர் ஆறு முறை வென்றது தற்செயல் அல்ல. அடுத்தடுத்த சுற்றுகளில் அதே கோட்டின் மேலேயே மீண்டும் மீண்டும் ஓடுவார். ரசிகர்களில் சிலர் அதைச் சுவாரசியம் இல்லை என்பார்கள். எனக்கு அது நல்ல கையெழுத்தைப் பார்ப்பது போன்றது.

மூன்றாவது மார்க் மார்கேஸ். ஜெர்மனியின் சாக்சன்ரிங் சுற்றில் 13 வளைவுகள். அவற்றில் 10 இடது வளைவுகள். வரிசையாக இடது வளைவுகளை எடுத்து முடித்ததும், இறக்கத்தில் 11ஆவது வளைவு திடீரென வலது பக்கம் திரும்புகிறது. இவ்வளவு நேரமும் தரையைத் தொடாமல் குளிர்ந்து போயிருக்கும் டயரின் வலது விளிம்பை நம்பி, முழு வேகத்தில் இறங்க வேண்டும். எத்தனையோ பேரை அது கீழே தள்ளியிருக்கிறது. மார்கேஸ் 2010 முதல் 2019 வரை, மூன்று பிரிவுகளிலும் சேர்த்து, அங்கே ஓர் ஆண்டுகூடத் தோற்கவில்லை. 2020இல் வலது கை எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சைகளில் தவித்த பிறகு, 2021இல் அவர் மீண்டும் வென்ற முதல் பந்தயமும் அங்கேதான். முன்டயர் வழுக்கத் தொடங்கிய பிறகும் பிடியை விடாமல், முழங்கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றி வண்டியை நிமிர்த்திவிடுவார். விழுவதும் அதிகம்; 20 தடவைக்கு மேல் விழுந்த சீசன்களும் உண்டு. எல்லை எங்கே இருக்கிறது என்பதைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழி அது.

மின்னணுவியல் இந்தக் கலையைக் கொன்றுவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. பாதிதான் உண்மை. வளைவிலிருந்து வெளியேறும்போது பின்சக்கரம் சுழன்றுவிடாமல் எஞ்சின் சக்தியைக் குறைக்கக் கணினி உதவுகிறது. ஆனால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் மோட்டோஜிபி வண்டியில் கிடையாது. நம் ஊரில் 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்ட அந்தப் பாதுகாப்பு, இவ்வளவு வேகமான பந்தய வண்டியில் இல்லை. வளைவுக்குள் நுழையும் கணத்தில் முன்டயருக்கும் விபத்துக்கும் நடுவே இருப்பது இரண்டு விரல்கள் மட்டுமே. கலை போய் ஒளிந்துகொண்ட இடம் அதுதான்.

இதை ரசிக்க ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் வேலியோரம் நின்று கேட்டாலே போதும். ஆம், கேட்க வேண்டும். புதியவரின் வண்டி வளைவின் நடுவில் நீண்ட நேரம் மௌனமாகிவிடும். பிறகு திடீரென உறுமும், மறுபடி அடங்கும். தேர்ந்தவரின் வண்டியில் அந்த மௌனம் சிறிதாக இருக்கும். எஞ்சின் ஒலி தாழ்ந்து, வளைந்து, வெட்டில்லாமல் மேலேறும். பிரேக்கை விட்ட விரலும் த்ராட்டிலைத் திறந்த மணிக்கட்டும் சண்டையில்லாமல் கைமாற்றிக்கொண்டன என்பதற்கு அந்த ஒலி சாட்சி.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முழங்காலைத் தரையில் உரச நினைக்கும் இளைஞர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுவே. எதிரே பஸ் வரும், வளைவில் மணல் கிடக்கும். அந்தச் சாலை சாய்வைக் காட்டும் மேடை அல்ல. சாய்வை விட்டுவிட்டு, வளைவுக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்து, லீவரை அதிராமல் மெதுவாக விடப் பழகுங்கள். பார்வையை முன்சக்கரத்தின் மேல் வைக்காமல், வளைவு முடியும் இடத்தைத் தேட விடுங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எப்போது பிரேக் விட்டீர்கள் என்றே தெரியாத அளவுக்கு அது படிந்துவிட்டால், சாம்பியன்கள் செய்வதில் ஒரு பங்கை நீங்களும் செய்கிறீர்கள்.

அடுத்த முறை பந்தயத்தைத் திரையில் பார்க்கும்போது சாய்வு டிகிரி ஓடும். அதன் அருகே பிரேக் அளவும் த்ராட்டில் அளவும் காட்டினால், டிகிரியை விட்டுவிட்டு அவற்றைக் கவனியுங்கள். டிகிரி ஏற ஏற, பிரேக் அளவு எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். ஒருவருக்கு அது படிக்கட்டாக இறங்கும். இன்னொருவருக்குச் சரிவாக வழியும். அந்தச் சரிவு யாருக்கு அமைகிறதோ, கடைசிச் சுற்றில் டயர் தேய்ந்த பிறகும் வளைவை நம்பி எடுக்கக்கூடியவர் அவர்தான்.