நார்த்தங்காய் ஜாடியும் ஆறு குவளைகளும்

மேசை மேல் ஒரு மரப்பலகை. அதில் குழி குடைந்து ஆறு சின்னக் குவளைகளை நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் 90 மில்லி அளவுக்குப் பீர். முதல் குவளை வைக்கோல் நிறம், கடைசிக் குவளை காபி டிகாக்‌ஷன் கறுப்பு. நான்காவதை முகரச் சொன்னார் நிகழ்ச்சியை நடத்திய இளைஞர். "கிரேப்ஃப்ரூட், பைன்... வருதா?" சுற்றியிருந்த தலைகள் ஆடின. என் தலையும்தான். பைன் மரத்தை ஊட்டிப் பக்கம் பார்த்திருக்கிறேன்; கிட்டப் போய் முகர்ந்ததில்லை. பொள்ளாச்சியிலிருந்து கூட வந்திருந்த மாமா மட்டும் தலையாட்டவில்லை. இரண்டு முறை முகர்ந்துவிட்டு, "நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியைத் தொறந்தாப்பல இருக்குதுங்க மாப்ளே" என்றார்.

அன்று அந்த மேசையில் கேட்ட வர்ணனைகளில் சரியானது அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இது நடந்தது பெங்களூருவில். புனேயில் 2009இல் டூலாலியும், பெங்களூரு இந்திராநகரில் 2010இல் டாய்ட்டும் தொடங்கியபின், கடையிலேயே காய்ச்சிக் கடையிலேயே ஊற்றும் பீர் அந்த ஊரின் அடையாளங்களில் ஒன்றாகிவிட்டது. கோவையிலும் திருப்பூரிலும் இருந்து வேலைக்குப் போன பிள்ளைகள் ஊரில் இருந்து வரும் உறவுக்காரர்களை லால்பாக்குக்கு அடுத்து அழைத்துப் போகும் இடம் இதுதான். அதன் அடுத்த படி இந்தச் 'சுவைப்பு' நிகழ்ச்சி: ஆறு வகை பீர், ஆறு வகைத் தீனி, எதற்கு எது சேரும் என்று இரண்டு மணி நேரப் பாடம்.

பீர் நமக்குப் புதிதும் அல்ல. 1915இல் தாமஸ் லீஷ்மன் ஐந்து ஆலைகளை இணைத்து யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கியபோது, அந்த ஐந்தில் நீலகிரி ஆலையும் ஒன்று. மேட்டுப்பாளையத்துக்கு மேலே வெள்ளைக்காரர் பீர் காய்ச்சிய காலத்தில், கீழே 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. 1937இல் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியதும் சேலம் மாவட்டத்தில்தான். குடிக்கு எதிரான வரலாறு இங்கே நீளம். ரசித்துக் குடிப்பதற்கான சொற்கள் நம்மிடம் குறைந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதலில் இந்தச் சுவைப்புப் பழக்கத்தின் நல்ல பக்கம். தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை முழுக்க அரசின் டாஸ்மாக் கையில். கடை ஜன்னலில் பீரைப் பற்றிக் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்று: "கூலிங் இருக்குதுங்களா?" பல் கூசும் குளிரில் மணமும் செத்துப்போகும், ருசியும் செத்துப்போகும். அப்புறம் 650 மில்லி பாட்டிலை வெதுவெதுப்பாவதற்குள் முடித்தாக வேண்டும். அப்படிக் குடித்துப் பழகியவரை உட்காரவைத்து, குவளையைக் கையில் சற்றுச் சூடேற்றச் சொல்லி, வாயில் வைத்தபடி மூக்கால் மூச்சை விடச் சொல்லி, ஒரு வாய்க்கும் அடுத்ததற்கும் நடுவே தண்ணீர் குடிக்கச் சொல்வது சாதாரண விஷயமல்ல. பக்கத்து மேசையில் ஒரு பெண்மணி தன் மாமியாரோடு வந்திருந்தார். டாஸ்மாக் பாரில் அந்தக் காட்சியை நினைத்துப் பார்க்கவும் முடியாது. நிதானமும் நாகரிகமும் இந்த நிகழ்ச்சி தருகிற உண்மையான வரவு.

சிக்கல் அது பேசுகிற மொழியில். 'வாழைப்பழ வாசனை' என்கிறார்கள் கோதுமை பீரை. எந்த வாழை? பூவனா, ரஸ்தாளியா, கதலியா, நேந்திரமா? வாழை என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்திக்கொள்ள நம் ஊர்ச் சந்தையில் யாராலும் முடியாது. பழம் கனியக் கனிய அந்த மணம் எப்படி மாறும் என்பது தார் வெட்டும் விவசாயிக்கு மனப்பாடம். ஈஸ்ட் விட்டுப்போன அந்த வாசனையை அவர் இளைஞரைவிடத் துல்லியமாகச் சொல்வார். யாரும் கேட்பதில்லை. பெல்ஜியத்து வெள்ளை பீரில் ஆரஞ்சுத் தோலோடு கொத்தமல்லி விதையும் போடுகிறார்கள். 'காரியாண்டர்' என்று அறிவித்தபோது எல்லோரும் வியந்தார்கள். தினமும் அம்மியிலோ மிக்சியிலோ அரைபடுகிற மல்லிதான் அது என்று யாருக்கும் உறைக்கவில்லை.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன? 1970களில் மோர்டன் மைல்கார்ட் என்ற ஆய்வாளர் பீருக்கு ஒரு சுவைச் சக்கரம் வகுத்தார். ஆலைக்குள் வேலை செய்பவர்கள் ஒரே குறையை ஒரே சொல்லால் சுட்ட வேண்டும் என்பது அதன் நோக்கம். வெண்ணெய் வாடை வந்தால் நொதித்தல் அரைகுறை. வேகவைத்த மக்காச்சோள வாடை வந்தால் காய்ச்சியதில் தவறு. வெளிச்சம் பட்ட பாட்டிலில் நாற்றம் எழும். பழுது கண்டுபிடிக்கப் பிறந்த கருவி அது. விருந்தாளி மேசைக்கு வந்தபின் புகழ்மாலையாகிவிட்டது. விற்பவரே நடத்தும் சுவைப்பில் கெட்ட பீர் ஒருபோதும் பலகைக்கு வராது. நல்லதை மட்டும் ஆறு முறை காட்டினால் நல்லது எது என்று எப்படித் தெரியும்?

குன்னூரில் தேயிலை சுவைப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும். வரிசையாகக் கோப்பைகள், ஒரு கரண்டி உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிட்டு நகர்வார்கள். புகை ஏறியதா, காய்ச்சல் அதிகமா என்று குறையைத்தான் முதலில் தேடுவார்கள். நான் துப்ப ஒரு கிண்ணம் கேட்டேன். பீரை விழுங்கியே ஆக வேண்டும், கசப்பு தெரிவது நாக்கின் பின்பகுதியில்தான் என்றார் இளைஞர். நாக்கில் இனிப்புக்கு ஒரு இடம், கசப்புக்கு ஒரு இடம் என்ற படம் பள்ளிப் புத்தகத்தில் நாமும் பார்த்ததுதான். அது 1901இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வைத் தவறாகப் புரிந்துகொண்டதால் பரவிய கதை. கசப்பு நாக்கின் எல்லாப் பக்கமும் தெரியும். விழுங்கச் சொல்வது வழக்கம், அவ்வளவுதான். விஞ்ஞானம் இல்லை.

விழுங்கினால் கணக்கும் வரும். 90 மில்லி வீதம் ஆறு குவளை என்றால் 540 மில்லி. சராசரி 6 சதவீதம் என்று வைத்தால் சுத்தமான ஆல்கஹால் 32 மில்லிக்கு மேல். 8 சதவீத ஸ்ட்ராங் பாட்டில் ஒன்றில் 52 மில்லி. 'சும்மா ருசி பார்த்தேன்' என்று எழுந்தவர் பாதி பாட்டிலைத் தாண்டியிருப்பார். மதுவில் உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. அந்த வாசகம் எந்தப் பலகையிலும் இல்லை. வெளியே வண்டி நிறுத்துமிடம் நிறைந்திருந்தது.

இனி தீனி. இந்தத் துறையில் பலரும் மேற்கோள் காட்டுவது நியூயார்க்கின் புரூக்ளின் ஆலையைச் சேர்ந்த காரெட் ஆலிவர் 2003இல் எழுதிய நூலை. ஒத்த சுவையை ஒத்ததோடு சேர், எதிர்ச்சுவையை மோதவிடு, கொழுப்பை நுரையால் அறு: சுருக்கமாக இவ்வளவுதான் சூத்திரம். தப்பில்லை. ஆனால் அன்று பலகையில் வந்தவை சீஸ், பிரெட்ஸல், கோழி இறக்கை. கசப்பு மிகுந்த ஐபிஏ 'காரத்தை அடக்கும்' என்ற அறிவிப்பும் வந்தது.

அதைச் சோதித்துப் பார்த்தோம். மாமாவின் மகள் வீடு பெங்களூருவில். குடுவையில் நான்கு வகை பீரை வாங்கிப் போனோம். அவள் பள்ளிபாளையம் சிக்கன் செய்தாள். விதை உதிர்த்த வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, மஞ்சள். பொடி மசாலா கிடையாது. ஐபிஏவோடு ஒரு வாய் தின்றதும் மாமாவுக்குக் கண்ணில் தண்ணீர். காரம் அடங்கவில்லை, பற்றி எரிந்தது. குமிழும் ஆல்கஹாலும் கசப்பும் மிளகாயின் எரிச்சலை ஏற்றிவிடும். தணிக்க வேண்டுமானால் மோர்தான். கோதுமை பீர் மட்டும் தேங்காய்ச் சில்லோடு நன்றாகப் போனது. கறுத்த ஸ்டவுட் பீரோடு ஒப்பிட்டை, அதாவது எங்கள் ஊர்ப் போளியை, வைத்துப் பார்த்தோம். வறுபட்ட மணமும் வெல்லமும் சேர்ந்து அன்றைய நாளின் சிறந்த ஜோடி அதுதான். எந்தப் பலகையிலும் அதை நான் பார்த்ததில்லை. கொங்குச் சமையல் மசாலாவைக் கொட்டாத சமையல். இந்த விளையாட்டுக்கு மிகவும் ஏற்றது என்றுகூடச் சொல்வேன்.

மாமாவுக்கு இன்னொரு ஒப்பீடு இருந்தது. எல்லை தாண்டினால் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கள்ளுக்கடைகள். புளித்த கள்ளும் எரிகிற மீன் குழம்பும் கப்பையும் அங்கே பாடம் இல்லாமலே சேர்கின்றன. கள்ளின் சொற்களைக் கவனியுங்கள்: இளங்கள், மூத்த கள், அந்திக் கள். பழத்தின் பெயர் இல்லை, நேரத்தின் பெயர். காலையில் இறக்கியது மாலைக்குள் வேறொன்றாகிவிடும் பானத்துக்கு அதைவிடப் பொருத்தமான அகராதி கிடையாது. சுண்ணாம்பு தடவிய பானையில் இறங்கினால் அது தெளுவு, தடவாவிட்டால் கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2017இல் நொதிக்காத நீராவுக்கு மட்டும் வழி திறந்தார்கள். மாமாவின் தோப்பில் தென்னை நிறைய உண்டு. ஆனால் கள் ருசிக்க அவர் எல்லையில் வாளையாறையோ கோபாலபுரத்தையோ தாண்ட வேண்டும்.

கள்ளுக்கடையைக் கோயிலாக்கவும் நான் தயாரில்லை. கலப்படப் புகார்கள் அங்கே பழங்கதை; குடுவை வந்தால் காலி செய்யாமல் எழுவதில்லை; அந்த மாமியாரும் மருமகளும் அங்கே உட்கார முடியாது. அளவும் தூய்மையும் பெண்களுக்கு ஓர் இருக்கையும் தருவதில் பெங்களூரு மேசை எவ்வளவோ மேல். நாக்கை நம்புவதில் சித்தூர் மேல்.

கோவையிலோ பெங்களூருவிலோ அடுத்த சுவைப்பை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வர்ணனையைச் சொல்வதற்கு முன் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொள்ளுங்கள். வந்தவர்கள் முதலில் சொல்லட்டும். ஆறு குவளையில் ஒன்று பழுதான பீராக இருக்கட்டும். மேசைக்கு ஒரு துப்பும் கிண்ணம் வையுங்கள். ஒப்பிட்டை நாங்கள் கொண்டு வருகிறோம்.