பல்கலைக்கழக வாயிலும் ஏழை மாணவரும்

அரசாங்கப் பல்கலைக்கழகம் மக்களின் வரிப்பணத்தால் நடைபெறுவது. அவ்வரியில் செல்வரின் பங்கும் உண்டு; வறியவரின் பங்கும் உண்டு. ஆதலின் அதன் வாயில் இரு சாராருக்கும் ஒப்பத் திறந்திருத்தல் வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. திறந்திருக்கிறதா என்பதே வினா. மலேசியாவில் இவ்வினாவுக்கு மூன்று விடைகள் தரப்படுகின்றன. கட்டணம் குறைவு என்பது ஒன்று. தகுதி பார்த்தே இடம் அளிக்கப்படுகிறது என்பது மற்றொன்று. பணமில்லாதார்க்குக் கடன் உண்டு என்பது மூன்றாவது. மூன்றும் பொய்யல்ல, ஆயினும் மூன்றும் சேர்ந்தும் ஏழை மாணவனை உள்ளே கொண்டுவந்து சேர்க்கவில்லை. காரணம் யாதென ஆராய்தல் தகும்.

வரலாறு காட்டும் பாடம்

மலாயாப் பல்கலைக்கழகம் 1949ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் சிங்கப்பூரில் தோன்றியது. ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் இராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து அது உருவாயிற்று. அதன் பயிற்றுமொழி ஆங்கிலம். அந்நாளில் தோட்டத்துப் பிள்ளைகள் பயின்றவையோ தொழிலாளர் சட்டத்தின் கட்டாயத்தால் தோட்ட நிருவாகங்கள் நடத்திய தமிழ்த் தொடக்கப்பள்ளிகள். அவற்றுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஏணி ஏதும் இல்லை.

1956இல் அப்பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைந்தது. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற முழக்கத்தோடு அங்குத் தமிழ் நூலகத்துக்குப் பொருள் திரட்டப்பட்டபோது எளிய மக்களும் தம் பங்கைக் கொடுத்தனர். கொடுத்தவருள் பலர், தம் பிள்ளை அந்நூலகத்தின் படியை மிதிக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்கவும் இயலாதவர். ஆயினும் கொடுத்தனர்.

பின்னர்த் தடைகள் ஒவ்வொன்றாக அகன்றன. 1965 முதல் தொடக்கப்பள்ளி முடித்தோர் நுழைவுத் தேர்வின்றி இடைநிலைப்பள்ளிக்குச் செல்லலாயினர். எனினும் ஒரு படியில் தடை நீங்கியதும் அடுத்த படியில் வேறொன்று எழுந்தது. இன்று அது நிற்கும் இடம் ஐந்தாம் படிவத்தின் முடிவு.

இரு வழிகள்

எஸ்.பி.எம். முடித்த மாணவன் அரசாங்கப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பை அடையப் பெரும்பாலும் இரு வழிகள் உள. ஒன்று ஓராண்டு மெட்ரிகுலேஷன். மற்றொன்று மூன்று பருவங்களில், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் முடியும் எஸ்.டி.பி.எம். முன்னதில் விடுதி வசதி உண்டு, உதவித்தொகையும் உண்டு. பின்னதில் மாணவன் தன் வீட்டிலிருந்தே உண்டு, பேருந்து ஏறிப் பள்ளிக்குப் போய்வர வேண்டும்.

இன ஒதுக்கீடு நீங்கித் தகுதிமுறை 2002இல் வந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் மெட்ரிகுலேஷனில் பூமிபுத்திரா அல்லாதார்க்கு நூற்றுக்குப் பத்து இடமே 2003 முதல் அளிக்கப்பட்டது. 2019இல் மொத்த இடங்கள் 25,000இலிருந்து 40,000 ஆயின; விகிதம் மாறவில்லை. 2024இல், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ பெற்ற அனைவர்க்கும் இன வேறுபாடின்றி இடம் உண்டு என அரசாங்கம் அறிவித்தது. வரவேற்கத்தக்க அறிவிப்பே. எனினும் 10 ஏ பெறும் பிள்ளை பெரும்பாலும் தனிவகுப்புக்குப் பணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளை. இரவு வேலைக்குப் போகும் தாய்க்குப் பதிலாகத் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டே ஆறு ஏழு ஏ வாங்கிய பிள்ளைக்கு அவ்வறிவிப்பால் பயன் யாது?

அப்பிள்ளைக்கு எஞ்சியது எஸ்.டி.பி.எம். ஒன்றரை ஆண்டு என்பது வசதியுள்ள வீட்டில் காத்திருப்பு. ஏழை வீட்டில் இழந்த சம்பளம். ஏழை மாணவன் தொழிற்சாலை வாயிலை நாடுவது கல்வியின் அருமை அறியாமையால் அன்று. வீட்டுக் கணக்கு அறிந்ததால்.

தகுதி என்னும் தராசு

சேர்க்கைக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் உரியவை. இப்பத்தைப் பெற மாணவன் மாலையில் பள்ளியில் தங்க வேண்டும். போட்டிகளுக்கு வெளியூர் செல்ல வேண்டும். கடைசிப் பேருந்தை விட்டால் வீடு சேர இயலாத மாணவன் அப்புள்ளிகளை எங்ஙனம் பெறுவான்? தராசு நேரானதே, தட்டில் வைக்கப்படுவதில் மாணவனின் உழைப்போடு தந்தையின் வாகனமும் சேர்ந்து எடை பெறுகிறது.

கடனும் அத்தகையதே. 1997இல் தோன்றிய பி.டி.பி.டி.என். பல்லாயிரவர் பட்டம் பெறத் துணைநின்றதை மறுத்தல் நன்றியன்று. ஆனால் அக்கடன் வாயிலுக்கு உள்ளே காத்திருக்கிறது. ஏழை மாணவன் இடறி விழுவதோ வாயிலுக்கு வெளியே.

இதற்கிடையே சில அரசாங்கப் பல்கலைக்கழகங்கள், வழக்கமான சேர்க்கையோடு, கூடுதல் கட்டணம் பெற்று மாணவரைச் சேர்க்கும் நேரடி வழியையும் வைத்துள்ளன. அவை கூடுதல் இடங்களே, பிறர் இடத்தைப் பறிப்பன அல்ல என்பர். அவ்வாறே கொள்வோம். எனினும் ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் பொதுச் சொத்தே. அதனுள் புகப் பணமுள்ளவர்க்கு இரு வாயில், இல்லாதவர்க்கு ஒரு வாயில் என்பது பொதுக்கல்வி ஆகாது.

சமுதாயத்தின் பங்கு

தவறு அரசாங்கத்தின்பாற்பட்டது மட்டுமன்று. ஆண்டுதோறும் சேர்க்கை முடிவு வந்ததும் இந்தியர்க்கு எத்தனை இடம் என்று குரல் எழுகிறது. எழத்தான் வேண்டும். ஆனால் அக்கணக்கில் வழக்கறிஞரின் மகளும் ஒன்று; பால்வெட்டுத் தொழிலாளியின் மகளும் ஒன்று. எண்ணிக்கை உயர்ந்தால் மகிழ்ந்து கலைகிறோம். உயர்ந்தது யாருடைய பிள்ளையால் என்று கேட்பதில்லை. இனத்தின் பெயரால் பெற்ற இடங்கள் இனத்துள் வசதி படைத்தோர்க்கே சென்று சேருமாயின், முறையிட்ட வாயும் குற்றத்தில் பங்குடையது.

பி40 குடும்ப மாணவர்க்கென அண்மைய ஆண்டுகளில் சேர்க்கையில் தனிப்பிரிவு வகுக்கப்பட்டது நல்ல தொடக்கம். அது பட்டப்படிப்பின் வாயிலில் மட்டும் நில்லாமல் ஐந்தாம் படிவத்துக்கு இறங்கி வர வேண்டும். எஸ்.டி.பி.எம். பயிலும் ஏழை மாணவர்க்கு மெட்ரிகுலேஷன் மாணவர்க்கு உள்ளது போன்ற உதவித்தொகையும், தொலைவிலிருந்து வருவோர்க்கு விடுதியும் வேண்டும். இவ்வாறு செய்தால் தரம் தாழும் என்று அஞ்சுவோர் உளர். தேர்ச்சிப் புள்ளியைக் குறைக்கும்படி இங்கு யாரும் கேட்கவில்லை. தேர்வு மண்டபம் வரை நடந்து வரும் வலிமையையே கேட்கின்றனர்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவம், சட்டம், பொறியியல் எனத் துறைவாரியாக, எவ்வருமானக் குடும்பத்திலிருந்து எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதை ஆண்டுதோறும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வெளியிடுதல் வேண்டும். அப்பட்டியல் மக்கள் முன் வைக்கப்படும் நாளில்தான், வாயில் யாருக்குத் திறந்திருக்கிறது என்னும் வினாவுக்கு ஐயமற்ற விடை கிடைக்கும்.