தாழ்ந்த சுருதியில் ஆஷா

அண்ணனூரில் ஏறி சென்ட்ரல் போய்ச் சேரும்வரை, காலை நெரிசலில் எனக்கு ஆஷா போஸ்லே போதும். 'காரவான்' (1971) படத்தின் காபரே பாட்டில் ஆர்.டி. பர்மனின் தாளத்தோடு துள்ளியவர், பத்தே வருடத்தில் 'உம்ராவ் ஜான்' கஜல்களில் வேறு பெண்ணாகிவிடுகிறார். வழக்கமான சுருதியைவிடக் கீழே இறங்கிப் பாடச் சொன்னார் இசையமைப்பாளர் கய்யாம். அந்தத் தாழ்வில்தான் குரலுக்குள் இருந்த கனம் வெளியே வந்தது. தேசிய விருதும் வந்தது.

எனக்கு இன்னும் பெரிய வியப்பு 1987. 'இஜாஸத்' படத்துக்கு குல்ஸார் எழுதியது எதுகை மோனைக்குள் அடங்காத, கிட்டத்தட்ட கடிதம் போன்ற பாட்டு. நீண்ட வரிகளைப் பேச்சுபோல அவிழ்த்து, மூச்சு வாங்கும் இடம்கூடத் தெரியாமல் பாடியிருப்பார் ஆஷா. அதே ஆண்டு இளையராஜா இசையில், 'எங்க ஊரு பாட்டுக்காரன்' படத்தின் 'செண்பகமே' பாட்டுக்குப் பெண்குரல் தந்தவரும் அவர்தான். கிராமத்து மெட்டில் பம்பாயின் பளபளப்பு துளியும் இல்லை. ரஹ்மான் இசையில் 'இருவர்' (1997), 'அலைபாயுதே' (2000) படங்களிலும் பாடினார். 'அலைபாயுதே' வந்தபோது அவருக்கு வயது 66. குரலில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.