ஹய் சொன்னதும் சொல்லத் தவறியதும்

இறைவனை அறிவதற்கு மனிதனின் பகுத்தறிவு எதுவரை துணைநிற்கும்? சிந்தனையால் பெறும் அறிவும் வஹீயின் வழியே வரும் அறிவும் ஒன்றையொன்று மறுப்பவையா? இஸ்லாமிய மெய்யியலில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட வினாக்கள் இவை. இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) தத்துவவாதிகளை மறுத்து நூல் இயற்றினார். இப்னு ருஷ்து (1126-1198) அம்மறுப்பை மறுத்தெழுதினார். இவ்விரு நூல்களும் முறையான பயிற்சி உடையோருக்கே எளிதில் பிடிபடுபவை. இவ்விரு பேரறிஞர்களுக்கிடையே அந்தலூஸின் இப்னு துஃபைல் தமக்கென ஓர் இடத்தைப் பெற்றார். அதனை அவருக்குப் பெற்றுத் தந்தது ஒரு கதை.

வாதீ ஆஷில் பிறந்து, முவஹ்ஹிதுகளின் கலீஃபா அபூயஃகூப் யூசுஃபின் மருத்துவராக விளங்கி, 1185இல் மறைந்தவர் இப்னு துஃபைல். 'ஹய் இப்னு யக்ளான்' என்னும் பெயரையும், ஸலாமான், அப்ஸால் என்னும் பெயர்களையும் அவர் இப்னு ஸீனாவிடமிருந்து எடுத்துக்கொண்டார். ஆயினும் முன்னவரிடம் குறியீடுகளாக நின்றவை இவரிடம் மனிதர்களாக நடமாடுகின்றன.

மனித வாடையற்ற தீவொன்றில் ஹய்யை ஒரு பெண்மான் பாலூட்டி வளர்க்கிறது. அவனுக்கு ஏழு வயதாகும்போது அது இறந்துவிடுகிறது. கண்ணிலும் காதிலும் குறையேதும் தெரியவில்லை. உள்ளே இருக்கும் தடையை நீக்கினால் தாய் எழுந்துவிடுவாள் என்றெண்ணி, கூரிய கற்களால் அதன் மார்பைப் பிளக்கிறான். இதயத்தின் ஓர் அறை வெறுமையாயிருப்பதைக் காண்கிறான். தன்னை நேசித்தது இவ்வுடல் அன்று, இதனுள் குடியிருந்து வெளியேறிவிட்ட ஏதோ ஒன்று என உணர்கிறான். பின்னர், ஒரு காகம் மற்றொரு காகத்தைப் புதைப்பதைக் கண்டு தானும் மானை அடக்கம் செய்கிறான். சூரத்துல் மாயிதாவை ஓதியவர்களுக்கு இக்காட்சி எதனை நினைவூட்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆன்மா என்றால் என்ன என்னும் வறண்ட வினா, இங்கே தாயை இழந்த சிறுவனின் தவிப்பிலிருந்து பிறக்கிறது. வாசகன் வரையறையைக் கற்கவில்லை, தேடலில் பங்கேற்கிறான். பின்வரும் வானியல், படைப்பு, படைத்தவன் பற்றிய சிந்தனைகள் அனைத்தும் இத்தவிப்பின் தொடர்ச்சியே.

ஹய் ஐம்பது வயதை எட்டும்போது, அயல்தீவிலிருந்து தனிமை நாடி அப்ஸால் வருகிறார். அவரிடம் மொழி கற்ற ஹய், தன் வாழ்க்கையை முழுமையாக விவரிக்கிறான். அதனைக் கேட்ட அப்ஸாலுக்குத் தம் மார்க்கம் போதித்தவற்றின் உட்பொருள் தெளிவாகிறது. இருவரும் ஸலாமான் ஆளும் தீவுக்குச் செல்கின்றனர். அங்குள்ளோருக்கு ஹய் மெய்ஞ்ஞானத்தைப் போதிக்க முற்படுகிறான். அவர்கள் முகம் சுளித்து விலகுகின்றனர். வெளிப்படையான ஷரீஅத்தைப் பற்றிக்கொள்ளுமாறு அவர்களுக்கு அறிவுறுத்தி, ஹய் தன் தீவுக்கே திரும்பிவிடுகிறான்.

ஆழ்ந்த உண்மை பாமரருக்கு உரியதன்று என்பதே இம்முடிவின் செய்தி எனப் பலர் கொள்வர். ஹய்யும் அவ்வாறே கருதுகிறான். ஆனால் கதையைக் கூர்ந்து நோக்கினால் வேறொன்று புலப்படும். அப்ஸாலிடம் அவன் தான் நடந்து வந்த பாதையைச் சொன்னான். தீவு மக்களிடம் சென்றடைந்த முடிவுகளை மட்டும் சொன்னான். அப்ஸால் இயல்பிலேயே உட்பொருள் நாடுபவர் என்பது உண்மைதான். எனினும் மானின் மரணத்தை அம்மக்கள் கேட்டிருந்தால் ஒரு சிலரேனும் அமர்ந்திருக்க மாட்டார்களா?

ஹய் செய்யத் தவறியதை இப்னு துஃபைல் செய்தார். இரகசியங்களின் மீது மெல்லிய திரையொன்றை விட்டுவைத்ததாக அவர் நூலின் இறுதியில் கூறுகிறார். கதையே அத்திரை என்பது எமது கருத்து. அது பல மொழிகளில் வாசகரைக் கண்டது: 1671இல் போகாக்கின் இலத்தீன் மொழிபெயர்ப்பும், 1708இல் ஆக்லியின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தன. நபித்துவத்தின் இன்றியமையாமையை நிறுவ விழைந்த மருத்துவமேதை இப்னு நஃபீஸும் (மறைவு 1288) தீவில் தனித்து வளரும் மனிதனின் கதையையே கையாண்டார்.

இன்றைய நம் சமய எழுத்துகளில் பெரும்பாலானவை ஸலாமானின் தீவில் ஹய் பேசியதைப் போன்றே பேசுகின்றன. விடைகளை வரிசைப்படுத்துகிறோம், வினா பிறந்த இடத்தைக் காட்டுவதில்லை. பாட்டியின் ஜனாஸா வீட்டைவிட்டுச் சென்றபின், அவர் எங்கே போனார் எனக் கேட்கும் குழந்தையிடம் ஒரு வரையறையைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். வாசகர் விலகும்போது அவர்களின் தகுதியைக் குறைகூறுமுன், நாம் அவர்களுக்கு எதைச் சொன்னோம், எதைச் சொல்லாமல் விட்டோம் என்று எண்ணிப் பார்ப்பது நலம்.