பூட்டில்லாத அலமாரி

2002 வாக்கில் மேட்டூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். ஒரு தமிழ்ப் பத்திரிகையின் பக்கத்தைத் திறந்தேன். தமிழுக்குப் பதில் தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துக்கள். "அவங்க ஃபான்ட்டை இறக்கணும் சார்" என்றான் பையன். இறங்குவதற்குள் நேரம் முடிந்து காசு கேட்டான். அப்போதெல்லாம் பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு. ஒருவர் சாவி அடுத்தவர் பூட்டுக்குச் சேராது.

மதுரைத் திட்டத்தைப் பார்த்தது அந்த நாட்களில்தான். அதற்கும் எழுத்துரு வேண்டியிருந்தது. ஆனால், அது பலர் கூடிப் பேசி முடிவு செய்த 'திஸ்கி' என்ற பொது ஏற்பாடு. பிற்பாடு யூனிகோடுக்கு மாறினார்கள். தமிழக அரசே 2010-ல்தான் யூனிகோடை ஏற்றது.

1998 பொங்கலுக்குத் தொடங்கிய இந்தத் திட்டத்தை நடத்தியவர் கு. கல்யாணசுந்தரம், சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் பணியாற்றிய வேதியியல் விஞ்ஞானி. அதே ஏரிக்கரையில்தான் ஜெனீவா. அங்கே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் வலைக்கான யோசனையை எழுதிக் கொடுத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதைக் காசு வாங்காமல் பொதுச்சொத்தாக்கியது. அதே வருஷம் மின்னசோட்டா பல்கலைக்கழகம் தன் 'கோஃபர்' மென்பொருளுக்குக் கட்டணம் என்றது. ஜனங்கள் மெல்லக் கழன்றுகொண்டார்கள்.

இலவசமாகக் கொடுப்பவன் வேறெங்கோ வசூலிப்பான் என்பது நான் பி.காமில் கற்ற ஞானம். மதுரைத் திட்டத்தில் அந்த 'வேறெங்கோ'வைத் தேடித் தோற்றேன். ஆபீஸ் முடிந்து வந்து, ராத்திரியில் தட்டச்சு செய்த தன்னார்வலர்கள்தான் அங்கே முதலீடு. முகப்புப் பக்கத்தை நீக்காமல் யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள் என்பது மட்டுமே நிபந்தனை. இதைவிடச் சின்ன ஒப்பந்தத்தை நான் பார்த்ததில்லை.

குறை இல்லையா? உண்டு. பல பழைய நூல்களுக்கு மூலம் மட்டும்தான், உரை கிடையாது. என் போன்ற பி.காம் ஆசாமி முதல் வரியிலேயே மூச்சு வாங்குகிறான். எழுத்துப் பிழைகள் உண்டு. தோற்றத்தில் பழைய காலத்து வாடை.

இருந்தும் இதை உயர்த்திப் பிடிக்கக் காரணம் இருக்கிறது. மேட்டூர்க்காரனுக்கு மதகு தெரியும். அணையில் 120 அடி நின்றாலும் கதவைத் தூக்கினால்தான் தஞ்சாவூருக்குத் தண்ணீர். புத்தகத்தைப் படம்பிடித்து மட்டும் போடுவது தேக்கி வைப்பது. எழுத்தாக அடித்தால்தான் ஓடும்: தேடலாம், பெரிதாக்கலாம், பார்வையற்றவருக்குக் கணிப்பொறி வாசித்துக் காட்டும்.

இன்று பூட்டு வேறு வடிவத்தில் வருகிறது. நல்ல கட்டுரைகள் செயலிகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, உள்ளே நுழையக் கைபேசி எண் கேட்கின்றன. கம்பெனி கடையைக் கட்டினால் எழுத்தும் சேர்ந்து போகும். பழைய எழுத்துருக்களோடு எத்தனை பக்கங்கள் போயின என்று யாரிடம் கணக்கு இருக்கிறது?

உங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் யாராவது சும்மா இருக்கிறாரா? பிழை திருத்த ஒரு கோப்பு கொடுத்துப் பாருங்கள். பூட்டில்லாத அலமாரிக்கும் தூசு தட்ட ஆள் வேண்டும்.