கால் மணி நேரத் தரிசனம்

ஐரோப்பியக் கலைச் சரித்திரம் படிக்கும் மாணவர்களை இத்தாலிக்கு அழைத்துப் போய்க் காட்டுவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அழைத்துப் போவது வேறு, பார்க்கச் செய்வது வேறு. இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிற இடம் பாதுவா நகரிலுள்ள ஸ்க்ரொவேஞி தேவாலயம்.

வெளியே இருந்து பார்த்தால் அது வெறும் செங்கல் கட்டடம். உள்ளே சுவர் முழுவதும் ஜியோட்டோவின் சித்திரங்கள். 1305-ஐ ஒட்டி முடிந்தவை. சாந்தின் மேல் தீட்டிய சித்திரங்களுக்கு ஈரமும் தூசியும் பகை. அதனால் வருகிறவர்களைச் சிறு குழுவாகப் பிரித்து, ஒரு கண்ணாடி அறையில் 15 நிமிஷம் உட்கார வைக்கிறார்கள். பிறகு, வழக்கமாக இன்னொரு 15 நிமிஷம் மட்டுமே உள்ளே விடுகிறார்கள்.

உள்ளே இருப்பவை 30-க்கு மேற்பட்ட கதைக் காட்சிகள். கணக்குப் போட்டால் காட்சிக்கு அரை நிமிஷம்கூடத் தேறாது. கூட வரும் ஆசிரியர் அந்த நேரம் பார்த்துப் பிரசங்கத்தை ஆரம்பித்தால், மாணவர் கண் சுவரில் இராது. நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கும். சொல்ல வேண்டியதையெல்லாம் கண்ணாடி அறையிலேயே சொல்லி முடித்துவிட வேண்டும். உள்ளே போனபின் வாய் திறக்கக் கூடாது. ஒரே ஒரு சித்திரத்தைப் பார் என்று சொல்லி அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி.

எந்தச் சித்திரம்? நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது, ஏசுவின் சடலத்தைச் சுற்றி அமர்ந்து அழும் காட்சிதான். நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். முகம் தெரியாது. ஆனால் குனிந்த முதுகின் பாரத்திலேயே துக்கம் தெரிந்துவிடுகிறது. சரிந்து இறங்கும் பாறை ஒன்று நம் பார்வையைத் தாயின் முகத்துக்கும் மகனின் முகத்துக்கும் கொண்டு சேர்க்கிறது. பாறையின் மேல் ஒரு மொட்டை மரம். கதறினாள், துடித்தாள் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளும் எங்களைப் போன்றவர்கள் அந்த இரண்டு முதுகுகளையும் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு.

அப்படியானால் சரித்திரம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். தேவாலயத்தைக் கட்டிய என்ரிகோ ஸ்க்ரொவேஞியின் தகப்பன் ரெஜினால்டோ பேர்போன வட்டிக்காரன். தாந்தே தம் காவியத்தில் அவனை நரகத்தில் உட்கார்த்தியிருக்கிறார். பெயர் சொல்லவில்லை, பணப்பையின் மேலிருந்த நீலப் பன்றிச் சின்னத்தைச் சொல்லி அடையாளம் காட்டிவிட்டார். தகப்பன் பாவத்துக்கு மகன் செய்த பரிகாரம் இந்தத் தேவாலயம் என்று சொல்வதுண்டு. பீடத்துக்கு முன்னுள்ள வளைவில் யூதாஸ் பணப்பையை வாங்கிக்கொள்கிறான். எதிர்ச் சுவரில், இறுதித் தீர்ப்பின் கீழே, என்ரிகோ மண்டியிட்டுத் தேவாலயத்தைக் காணிக்கை தருகிறான். வட்டிக் கதை தெரிந்தவனுக்கே இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பேச்சு காதில் விழும். ஆனால் அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போக வேண்டும். சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்கிற விஷயம் அல்ல அது.

படத்தை வீட்டிலேயே புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாமே என்பார்கள். பக்கத்திலேயே எரெமிதானி தேவாலயம் இருக்கிறது. அங்கே மாந்தெஞா தீட்டியிருந்த சுவர்ச் சித்திரங்களில் பெரும்பாலானவை 1944 மார்ச் 11-ந் தேதி விழுந்த குண்டுகளில் தூள் தூளாயின. முன்பே சுவரிலிருந்து பெயர்த்து எடுத்திருந்த சில பகுதிகள் தப்பின. பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு துண்டுகளைப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். பெரும் பகுதி வெறுமையாகவே இருக்கிறது. புகைப்படத்தால் ஆகக்கூடியது அவ்வளவுதான்.

15 நிமிஷம் போதாது என்று குறைப்படும் மாணவர்களை அந்தப் பக்கத்துத் தேவாலயத்துக்கும் அழைத்துப் போக வேண்டும். அங்கே எவ்வளவு நேரம் நின்றாலும் போனது போனதுதான்.