பிழைக்கும் இடம் தரும் கோவை

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நல்லூர்ப் பிரதேசத்துத் திருநெல்வேலியில் இருக்கிறது. அங்கு முதலாம் ஆண்டுக் கணித வகுப்புக்கு வருபவர்களுக்கு வகையீடும் தொகையீடும் புதியவை அல்ல. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்து, கடந்தகால வினாத்தாள்களை ரியூசனில் திரும்பத் திரும்பச் செய்து, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் வெட்டுப்புள்ளியைத் தாண்டி வந்தவர்கள். கணக்குச் செய்யும் வேகம் அவர்களிடம் தாராளமாக உண்டு. செய்த கணக்கைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம்தான் குறைவு. நுண்கணிதப் பாடத்தை மதிப்பிடக் கோவை வைப்பது நல்லதா என்பதை இந்தக் குறையை வைத்தே எடைபோட வேண்டும்.

கோவை என்றால் ஒப்படைகளை அடுக்கிக் கட்டிய கட்டு அல்ல. முதலில் எழுதிய விடை, விரிவுரையாளரின் திருத்தம், மாணவர் மீளச் செய்த செய்கை, எங்கே ஏன் பிசகியது என்ற சிறு குறிப்பு ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1980களின் பிற்பாதியில் எழுந்த நுண்கணிதச் சீர்திருத்தம் கணிதத்தை விளக்கி எழுதுவதை வலியுறுத்தியது. கோவைக்கும் அதையொட்டி ஆதரவு பெருகியது.

ஓர் உதாரணம். ஒன்றை எக்ஸின் வர்க்கத்தால் வகுத்து வரும் சார்பை −1 இலிருந்து 1 வரை தொகையிடச் சொன்னால், பழகிய கை சூத்திரத்தைப் போட்டு எல்லைகளைப் பிரதியிட்டு −2 என்று எழுதிவிடும். அந்தச் சார்போ எங்கும் நேர்ப் பெறுமானம் உடையது. வரைபு முழுதும் அச்சுக்கு மேலே நிற்க, பரப்பு மட்டும் எப்படி மறையாகும்? பூச்சியத்தில் சார்பு எல்லையின்றி உயர்கிறது. அங்கே அந்தச் சூத்திரம் செல்லாது. பரீட்சைத் தாளில் இந்தப் பிழைக்குப் புள்ளி வெட்டுவதோடு கதை முடிந்துவிடும். கோவையில் மாணவர் வரைபைக் கீறி, பூச்சியத்தில் இரண்டாகப் பிரித்து எல்லை எடுத்து, முடிவுள்ள விடையே இல்லை என்று கண்டு, அதைத் தன் சொல்லில் எழுத வேண்டும். இறுதிப் பரீட்சையால் அளக்க முடியாத திறன் இது.

குறைகளும் சின்னவை அல்ல. 100 மாணவர், ஆளுக்குப் 10 பதிவு, பதிவுக்குப் 10 நிமிடம் என்றால் திருத்தவே 166 மணிக்கு மேல் போகும். புள்ளியின் நம்பகமும் கேள்விக்குரியது. அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலம் 1990களின் தொடக்கத்தில் பாடசாலைகளில் கணிதக் கோவைகளைக் கொண்டு மாணவரை மதிப்பிட்டது. டானியல் கோரெற்ஸ் தலைமையில் றான்ட் நிறுவனம் ஆராய்ந்தபோது, ஒரே கோவைக்கு இருவர் இட்ட புள்ளிகள் தொடக்கத்தில் போதிய அளவு ஒத்துப்போகவில்லை. இங்கோ சீனியரின் கோவை கைமாறும் ஆபத்தும் உண்டு. கைபேசியே குறிப்பு எழுதித் தரும் காலமும் வந்துவிட்டது. பேனா மாற்றி, தலைப்புக்குக் கோடு போட்டு, முதல் நாள் இரவு இருந்து எழுதிய 'பிழைகள்' புள்ளி வாங்கிவிடும்.

மொழிச் சிக்கல் வேறு. உயர்தரத்தைத் தமிழில் முடித்தவர் விஞ்ஞான பீடத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். விளக்கம் தடுமாறினால் பிசகு கணிதத்திலா மொழியிலா என்று திருத்துபவருக்குத் தெரியாது. பிழைக் குறிப்பைத் தமிழில் எழுத விட்டால் இது பெருமளவு தீரும்.

ஆகவே கோவை வேண்டும், ஆனால் சிறிதாக. அரையாண்டுக்கு நாலைந்து பதிவு போதும். இலங்கையின் தகைமைச் சட்டகப்படி ஒரு கிரெடிட்டுக்கு 50 மணி கற்றல் நேரம். மூன்று கிரெடிட் பாடத்தின் 150 மணியில் இதற்குத் தாராளமாக இடம் உண்டு. பதிவு வகுப்பிலேயே தொடங்கட்டும். முதல் விடையில் அன்றே விரிவுரையாளர் ஒப்பமிடட்டும். கடைசியில் ஏதாவது ஒரு பதிவை எடுத்து ஐந்து நிமிடம் வாய்மொழியாகக் கேட்டால் இரவல் கோவை தானே வெளிப்படும். புள்ளி முதல் விடையின் சரிக்கோ கையெழுத்தின் அழகுக்கோ அல்லாமல், திருத்தத்துக்குச் சொன்ன காரணத்துக்கே போக வேண்டும். இவ்வளவுக்கு ஆளும் நேரமும் இல்லாத துறை கோவையைத் தொடாமல் விடுவதே மேல். சோடிப்புக்குப் புள்ளி கொடுத்தால் மாணவர் சோடிக்கத்தான் பழகுவார்.